டிரெஸ்ஸிங் ரூம் அமைப்பதில் வரும் தவறுகள்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் முதல் வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் புதிதாக வரையப்படும் வீட்டு வரைபடங்களில், பெரிய படுக்கையறைக்கும் அட்டாச்டு பாத்ரூமுக்கும் நடுவே ஒரு சிறிய கட்டத்தை அடிக்கடி பார்க்கிறேன். வரைபடத்தில் வாக்-இன் வார்ட்ரோப் என்று இருக்கும். வீட்டில் எல்லோரும் டிரெஸ்ஸிங் ரூம் என்பார்கள். முதல் முறையாக வீடு கட்டுகிறவர்கள் ஆசையாக ஒதுக்கும் இடம் இது. ஆனால் அதற்குள் என்ன வரப்போகிறது என்று இன்ஜினியரிடமும் பேசுவதில்லை, ஆசாரியிடமும் பேசுவதில்லை. குடிபோன முதல் மழைக்காலத்தில் குறைகள் தலைகாட்டுகின்றன. இரண்டு பேர் ஒரே நேரத்தில் உள்ளே நிற்க முடியவில்லை. பட்டுப்புடவையில் பூஞ்சை வாடை அடிக்கிறது. தட்டுகள் நிறைய இருந்தும் துணி நாற்காலியின் மேல் கிடக்கிறது.

வீட்டு உள்வேலைகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். இந்தக் குறைகளுக்கெல்லாம் வேர் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பெரிய நகரத்து அடுக்குமாடி வீட்டின் படத்தைப் பார்த்து அறையை வரைகிறோம்; நம் வீட்டுத் துணியையும் நம் ஊர்ச் சுவரையும் பார்த்து வரைவதில்லை. கீழே சொல்லியிருக்கும் வரிசையில் போனால் பெரும்பாலான தவறுகள் காகிதத்திலேயே பிடிபட்டுவிடும்.

முதல் படி: இந்த அறை வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

30-க்கு 40 அடி மனை, அதாவது ஏறத்தாழ இரண்டே முக்கால் சென்ட், நம் பக்கத்தில் சாதாரணமாக விற்கப்படும் அளவு. சுற்றிலும் விட வேண்டிய இடம், மாடிப்படி, வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் போக மிஞ்சுவதில் இரண்டு படுக்கையறை வர வேண்டும். இதில் ஒரு டிரெஸ்ஸிங் ரூமைச் செருகினால் படுக்கையறைதான் சுருங்கும்.

கணக்கு இப்படி. ஒரு பக்கம் மட்டும் அலமாரி வைத்த அறைக்குக் குறைந்தது 5 அடி அகலம் வேண்டும்: அலமாரிக்கு 2 அடி, நடக்க 3 அடி. நீளம் 7 அடி என்றால் மொத்தம் 35 சதுர அடி. அதில் 21 சதுர அடி வெறும் நடைபாதை. அதே 7 அடி அலமாரியைப் படுக்கையறைச் சுவரிலேயே வைத்தால், கட்டிலைச் சுற்றி எப்படியும் விடப்போகும் வழியே அலமாரிக்கும் நடைபாதையாகிவிடும். தனியாக 21 சதுர அடிக்குச் சுவரும் தரையும் கூரையும் போட வேண்டியதில்லை.

என் கருத்து இது: டிரெஸ்ஸிங் ரூமுக்குப் பிரித்தபின் படுக்கையறை 11-க்கு 12 அடியாவது மிஞ்சாவிட்டால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். சுவர் முழுக்க ஒரு நல்ல அலமாரி போதும். மனை பெரிது, இடத்துக்குக் குறைவில்லை என்றால் மேலே படியுங்கள்.

நடுவில் மேசை போல இழுப்பறைகள் வைத்த அறைப் படங்களும் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். அதற்கு இரு பக்க அலமாரி 4 அடி, நடு மேசை 2 அடி, இரண்டு நடைபாதை 6 அடி, ஆக 12 அடி அகலம் வேண்டும். அது ஒரு முழுப் படுக்கையறையின் அகலம்.

இரண்டாம் படி: துணியை எண்ணுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருக்கும் துணி எல்லாவற்றையும் பாய் விரித்து வெளியே எடுத்துப் போடுங்கள். மாட்ட வேண்டியது, மடிக்க வேண்டியது, ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் எடுப்பது என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள். இதை யாரும் செய்வதில்லை. அலமாரி வேலையில் இதைவிடப் பயனுள்ள அரை நாள் வேறு கிடையாது.

மாட்டும் துணியைக் கம்பியின் நீளத்தால் கணக்கிடுங்கள். ஹேங்கரில் ஒரு சட்டை 1 முதல் ஒன்றரை அங்குலம் பிடிக்கும். 30 சட்டை இருந்தால் இரண்டரை அடி முதல் மூன்றே முக்கால் அடி வரை கம்பி வேண்டும். நீளவாக்கில் தொங்கும் உயரமும் முக்கியம். சட்டைக்கு 38 அங்குலம் போதும். நைட்டி, நீளச் சுடிதார், பெண்பிள்ளைகளின் விழாக்கால ஆடைகள் போன்றவற்றுக்கு 5 அடியாவது வேண்டும். புடவையின் அகலம் 45 அங்குலத்தை ஒட்டி இருக்கும். ஹேங்கரில் நடுவாக மடித்துப் போட்டால் 2 அடிக்குள் தொங்கும், கொக்கியையும் சேர்த்து 3 அடி உயர அறை தாராளம். எல்லா இடத்திலும் 5 அடி உயரம் விட்டுக் கம்பி போட்டுவிட்டு, கீழே பாதி இடம் காலியாகக் கிடப்பது நான் மிக அதிகமாகப் பார்க்கும் வீண். புடவைக் கம்பிக்குக் கீழே இழுப்பறை வரலாம். சட்டைக் கம்பிக்குக் கீழே இன்னொரு சட்டைக் கம்பியே வரலாம்.

மடிக்கும் துணிக்குத் தட்டின் இடைவெளிதான் கணக்கு. பருத்திப் புடவைகளை எட்டுக்கு மேல் அடுக்கினால் கீழே இருப்பதை இழுக்கும்போது மொத்தமும் சரியும். 12 அங்குல இடைவெளியில் தட்டு வைத்தால் அடுக்கு தானாகவே அளவோடு நிற்கும். வேட்டி, துண்டு, பாவாடை, ஜாக்கெட் ஆகியவற்றுக்கு 8 அல்லது 9 அங்குல இடைவெளி போதும்.

நான்காவதாக ஒரு குவியல் உண்டு. அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒருமுறை உடுத்தி, இன்னும் துவைக்கப் போடாத துணி. காலையில் கடைக்குப் போட்டுப் போன பேன்ட், மாலையில் கோயிலுக்குக் கட்டிய புடவை. துவைத்ததோடு சேர்த்து வைத்தால் வியர்வை வாடை எல்லாவற்றிலும் ஏறும். இவற்றுக்குக் காற்று படும் இடத்தில் ஐந்தாறு கொக்கியும், கீழே அழுக்குக் கூடைக்கு ஒன்றரை அடி இடமும் வரைபடத்திலேயே குறியுங்கள். நாற்காலியில் துணி குவிவது இதனால்தான் நிற்கும்.

பட்டுக்கு மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும்

தருமபுரியில் அரசு பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது; சுற்றுவட்டாரத்தில் மல்பெரி பயிரிட்டுப் புழு வளர்க்கும் குடும்பங்கள் ஏராளம். பட்டு எவ்வளவு உழைப்பில் வருகிறது என்று அறிந்த ஊர் இது. அந்தப் பட்டை நாம் வைத்திருக்கும் விதம்தான் எனக்கு வருத்தம் தருகிறது.

பட்டு புரதத்தால் ஆன இழை. பூச்சிக்கு அது உணவு. அசல் சரிகையில் வெள்ளி இருக்கிறது; ஈரமும் காற்றிலுள்ள கந்தகமும் பட்டால் வெள்ளி கறுக்கும். அதனால் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து வைக்கக் கூடாது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வெளியேறாது. தட்டில் செய்தித்தாள் விரித்து அதன்மேல் பட்டை வைப்பதும் வேண்டாம். மை ஒட்டும், தாளின் அமிலம் நாளடைவில் கறை பிடிக்கும். துவைத்துக் காய்ந்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக நான்கைந்துக்கு மேல் போகாமல் படுக்கவையுங்கள். கனமான சரிகைப் புடவையை ஆண்டுக்கணக்கில் ஹேங்கரில் தொங்கவிட்டால் மடிப்பு விழும் இடத்தில் இழை தளரும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, மடிப்பை மாற்றி மடியுங்கள்.

நாப்தலின் உருண்டையைப் பட்டின் மீது நேராகப் போடாதீர்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழ்நோக்கி இறங்கும். ஆகவே சிறு துணி முடிச்சில் கட்டி மேல் தட்டின் மூலையில் வைத்தாலே போதும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் நாப்தலின் வேண்டவே வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவி ஏறிய துணியே இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக் கூடியது; அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டித் தெரிந்திருக்காது. நிழலில் நன்றாகக் காய்ந்த வேப்பிலையோ வசம்போ துணிப் பையில் கட்டி வைக்கலாம். மணம் போனதும் மாற்ற வேண்டும்.

இதனால் வரைபடத்தில் வர வேண்டியது: பட்டுக்கென்று கதவு உள்ள, வெயில் படாத, பாத்ரூம் சுவரை ஒட்டாத, கண் உயரத்திலுள்ள இரண்டு தட்டுகள்.

மூன்றாம் படி: பூச்சு முடிந்தபின் அளவெடுங்கள்

வரைபடத்தில் அறையின் அகலம் 7 அடி என்று எழுதியிருப்பது செங்கல் முதல் செங்கல் வரை. உட்சுவரில் ஒரு பக்கம் அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம் வரை பூச்சு ஏறும். செங்கல் வரிசை சற்று வெளியே வந்திருந்தால் இன்னும் கூடும். கையில் கிடைப்பது 6 அடி 10 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலமாரி இரண்டு பக்கமும் 2 அடி என்றால் நடைபாதை 3 அடியிலிருந்து 2 அடி 10 அங்குலமாகச் சுருங்கிவிடும். டைல்ஸும் பூச்சும் முடிந்தபின், தரையிலும் இடுப்பு உயரத்திலும் தலைக்கு மேலும் தனித்தனியாக அளந்து, மூன்றில் சிறியதை ஆசாரிக்குக் கொடுங்கள். மூலைக்கு மூலை குறுக்காகவும் அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இல்லாவிட்டால் அறை கோணலாக இருக்கிறது என்று பொருள்.

இடம் மிச்சம் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. எல்லா அலமாரியும் 2 அடி ஆழம் இருக்க வேண்டிய அவசியமில்லை. ஹேங்கரின் அகலம் 17, 18 அங்குலம்; சட்டையின் தோள் இடிக்காமல் இருக்க உள்ளளவு 22 அங்குலம் வேண்டும். ஆகவே மாட்டும் பகுதிக்குத்தான் 2 அடி. மடித்து வைக்கும் தட்டுக்கு 15 அங்குலமே நிறைவு. 2 அடி ஆழத் தட்டில் முன் வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை உருவாகி, பின்னால் போன துணி கண்ணுக்கே தெரியாமல் கிடக்கும். ஒரு பக்கம் 2 அடியில் மாட்டும் பகுதி, எதிர்ப்பக்கம் 15 அங்குலத்தில் தட்டுகள், நடுவில் 3 அடி: 6 அடி 3 அங்குலத்தில் இரு பக்க அறை முடிந்துவிடுகிறது.

உயரத்தில் லாஃப்ட்தான் முடிவு செய்கிறது. கதவு, ஜன்னலுக்கு மேலே ஓடும் லிண்டல் மட்டத்தில், 7 அடியில், கான்கிரீட் லாஃப்ட் போடுவது நம் வழக்கம். அதற்குக் கீழே 84 அங்குலம். அடிப்பீடம் 3, கீழ்க்கம்பிக்கு 38, மேல்கம்பிக்கு 38, கம்பிக்கு மேலே 2 என்று 81 அங்குலத்தில் இரட்டைக் கம்பி அடங்கும். ஆனால் மேல்கம்பி ஆறரை அடிக்குமேல் போகிறது. ஐந்தடி உயரமுள்ள ஒருவரின் கை சிரமமில்லாமல் எட்டுவது ஏறத்தாழ 6 அடிதான். ஆகவே மேல்கம்பி வீட்டில் உயரமானவருக்கு. உயரம் குறைந்தவருக்கும் வயதானவருக்கும் உரிய துணி முழங்காலுக்கும் கண்ணுக்கும் இடையில் வரட்டும். முட்டிவலி உள்ள அம்மாவுக்குக் கடைசி இழுப்பறையை ஒதுக்குவது, அவருக்குத் தினமும் தரும் தண்டனை.

லாஃப்டில் ஜமக்காளம், கம்பளி, பயணப் பெட்டி, ஆண்டுக்கொரு முறை எடுக்கும் பொருட்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நான்காம் படி: எந்தச் சுவர் என்று பாருங்கள்

தலைமைப் படுக்கையறையைக் கன்னிமூலையில், அதாவது தென்மேற்கில் வைப்பது நம் வழக்கம். அதற்குள் டிரெஸ்ஸிங் ரூமும் வரும்போது, அதன் ஒரு சுவர் பெரும்பாலும் மேற்குச் சுவராகவோ தெற்குச் சுவராகவோ அமைகிறது. சித்திரை, வைகாசியில் மேற்குச் சுவர் மாலை முழுக்கச் சூடு வாங்கி, இரவில் அதை உள்ளே விடும். தென்மேற்குப் பருவக்காற்றில் சாரல் அடிப்பதும் அதே பக்கம். இந்த மாவட்டங்களுக்கு இரண்டு பருவமழையும் கிடைக்கிறது. ஆகவே சுவர் நனையும் மாதங்கள் கணிசமானவை. மூலையை மாற்றச் சொல்லவில்லை. மேற்குச் சுவரின் வெளிப்பூச்சில் வெடிப்பு இல்லாமல் பார்ப்பது, அந்தப் பக்கத்தில் பெரிய ஜன்னல் வைக்காமல் உயரத்தில் வெண்டிலேட்டர் மட்டும் வைப்பது, அலமாரியின் முதுகைச் சுவரிலிருந்து ஓர் அங்குலமாவது தள்ளி நிறுத்துவது ஆகிய மூன்றும் போதும்.

பெரிய ஆபத்து பாத்ரூம் சுவர். படுக்கையறை, டிரெஸ்ஸிங் ரூம், பாத்ரூம் என்று வரிசையாக வைத்தால், வெந்நீர்க் குளியலின் ஆவி நேராகத் துணிக்கு வரும். பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். பாத்ரூம் தரை ஓர் அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். குழாய் புதைத்த பொதுச்சுவரில் அலமாரியை ஒட்டாமல், அங்கே கண்ணாடியையும் கொக்கிகளையும் வையுங்கள். குழாய் கசிந்தால் சுவரில் உடனே தெரியும். அலமாரி மறைத்திருந்தால், பிளைவுட் ஊறி வீங்கியபின்தான் தெரியும்.

மரவேலை தொடங்கும் முன் சுவர் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஓரடிக்கு ஓரடி தெளிவான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். மறுநாள் காலை பாருங்கள். தாளின் உட்புறம் நீர்த்துளி கோத்திருந்தாலோ, சுவர் அந்த இடத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ, ஈரம் இன்னும் வெளியே வந்துகொண்டிருக்கிறது. பாத்ரூம் பக்கத்துச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒன்று, மேற்குச் சுவரில் ஒன்று என்று இரண்டு இடத்தில் ஒட்டிப் பாருங்கள். கிரகப்பிரவேச நாள் குறித்துவிட்டோம் என்று ஈரச்சுவரில் அலமாரி பொருத்தாதீர்கள். அந்த அறையை மட்டும் விட்டுவிட்டுக் குடிபோவதில் குறை ஒன்றுமில்லை.

ஐந்தாம் படி: காற்று, தூசி, எலி

அறைக்குள் காற்று ஓட இரண்டு வழி வேண்டும்: கீழே புக ஒன்று, மேலே வெளியேற ஒன்று. கதவின் அடியில் ஓர் அங்குல இடைவெளி, எதிர்ச்சுவரில் உயரத்தில் வெண்டிலேட்டர். வெளிச்சுவரே இல்லாத நடு அறை என்றால், குழாய் வழியாக வெளியே தள்ளும் சிறிய எக்ஸாஸ்ட் ஃபேன். வெண்டிலேட்டருக்குக் கொசுவலை போதாது. வயலையும் மாந்தோப்பையும் ஒட்டிய வீடுகளில் எலி வரும், துருப்பிடிக்காத எஃகு வலை போடுங்கள்.

தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டியோ கல்குவாரி வண்டிகள் போகும் சாலையிலோ வீடு இருந்தால், திறந்த தட்டு வைத்த அறை ஒரே வாரத்தில் தூசி படியும். தினமும் எடுக்கும் துணிக்குத் திறந்த தட்டு இருக்கட்டும். வெள்ளை வேட்டிக்கும் பட்டுக்கும் கதவு வேண்டும். கதவு போட்டால் அதன் மேலும் கீழும் சிறு துளையோ சரிவுப் பலகையோ வைத்து மூச்சுவிட இடம் கொடுங்கள்.

தேன்கனிக்கோட்டை, தளி, ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு சொல். உங்கள் ஊர் உயரமானது, மார்கழியில் குளிர் அதிகம். அரைகுறையாகக் காய்ந்த துணியை மடித்து உள்ளே வைப்பதுதான் அங்கே பூஞ்சைக்கு முதல் காரணம். இஸ்திரி போட்ட சூட்டோடு வைப்பதும் அப்படியே. அரை மணி நேரம் வெளியே மாட்டிவிட்டுப் பிறகு உள்ளே வையுங்கள்.

ஆறாம் படி: கதவு, பீரோ, கண்ணாடி, விளக்கு

உள்நோக்கித் திறக்கும் இரண்டரை அடிக் கதவு, தான் சுழலும் இடம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். வெளியே திறக்கட்டும், அல்லது தள்ளுகதவாக இருக்கட்டும். கதவே இல்லாமல் திரை போட்டாலும் தவறில்லை. காற்றுக்கு அதுவே நல்லது.

இரும்பு பீரோவை மறந்துவிட்டுத் திட்டம் போடுவது நம் வீடுகளுக்கே உரிய தவறு. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு வீட்டில், மரவேலை எல்லாம் முடிந்தபிறகு பாட்டி ஆசாரியிடம் சொன்னார்: "தம்பி, இது என் கல்யாணச் சீர். வடக்குப் பார்த்து இந்த எதிர்ச்சுவரில்தான் நிற்க வேண்டும்." பீரோ 36 அங்குல அகலம், 19 அங்குல ஆழம். குறுகிய பக்கத்தை முன்னால் வைத்துக் கதவுக்குள் நுழைத்துவிட்டார்கள். உள்ளே போய்த் திருப்ப வேண்டும். மூலைக்கு மூலை அந்த பீரோ ஏறத்தாழ 41 அங்குலம். நடைபாதை 36 அங்குலம். திரும்பவில்லை. ஒரு பக்க அலமாரியைக் கழற்றிய பிறகுதான் பீரோ தன் இடத்துக்குப் போனது. பீரோ வரும் என்றால் மரவேலைக்கு முன்பே அதை உள்ளே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அதைச் சுற்றி அளவெடுங்கள். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகக்கூடிய குடும்பம் என்றால் நடைபாதையையே மூன்றரை அடியாக வையுங்கள்.

கண்ணாடி விஷயத்தில் புடவை கட்டுகிறவர்களைக் கேளுங்கள். கொசுவம் மடிக்கவும் முந்தானையை விரித்துப் பார்க்கவும் நான்கடிக்கு நான்கடி இடம் வேண்டும். கண்ணாடியிலிருந்து நான்கடியாவது பின்னால் நிற்கவும் வேண்டும். 3 அடி நடைபாதையின் பக்கச் சுவரில் கண்ணாடி வைத்தால் முகம் தெரியும், பாதம் தெரியாது. நடைபாதையின் கடைசிச் சுவரில் வையுங்கள். அங்கே இடமில்லை என்றால் படுக்கையறையிலேயே இருக்கட்டும்.

விளக்கை அறையின் நடுவில் ஒன்றே ஒன்றாகப் போட்டால், அலமாரிக்கு முன்னால் நிற்பவரின் நிழலே தட்டில் விழும். இரண்டு பக்க அலமாரிக்கும் முன்விளிம்பை ஒட்டித் தனித்தனியே விளக்கு வரட்டும். மஞ்சள் விளக்கில் அரக்கும் பழுப்பும் ஒன்றுபோல் தெரியும். கருநீலமும் கறுப்பும் குழம்பும். 4000 கெல்வின், நிறத் துல்லியக் குறியீடு (சி.ஆர்.ஐ.) 90-க்கு மேல் என்று பெட்டியில் போட்டிருக்கும் எல்.இ.டி. விளக்கைக் கேட்டு வாங்குங்கள். சுவிட்ச் கதவுக்கு வெளியே. இஸ்திரிப் பெட்டிக்கு ஒரு பிளக்: சாதாரணப் பெட்டிக்கு 6 ஆம்பியர் போதும், 2000 வாட் நீராவிப் பெட்டிக்கு 16 ஆம்பியர் வேண்டும். இவற்றைச் சுவர் பூசும் முன்பே எலக்ட்ரீசியனிடம் சொல்லிவிடுங்கள்.

ஏழாம் படி: மரத்தைத் தேர்ந்தெடுங்கள்

பிளைவுட் என்று பொதுவாகச் சொல்லி விடக் கூடாது. பொதுப் பயன்பாட்டு பிளைவுட்டுக்கு இந்தியத் தர எண் ஐ.எஸ். 303, ஈரத்தை நன்றாகத் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710. அடிப்பகுதிக்கும் பாத்ரூம் பக்கத்துக்கும் 710. மற்றவற்றுக்கு 303-இல் கொதிநீர் தாங்கும் வகை. பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும் அச்சாகியிருக்கும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடைய உரிமம், நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். மரைன் பலகை 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனையைத் தாங்க வேண்டும் என்பது அந்தத் தரத்தின் நிபந்தனை. வீட்டில் அவ்வளவு வேண்டாம். ஒரு துண்டைப் பழைய பாத்திரத்தில் போட்டு விறகடுப்பில் நான்கைந்து மணி நேரம் கொதிக்கவிடுங்கள். அடுக்கு பிரிந்தால் அந்தப் பலகையை வாங்காதீர்கள்.

மரத்துகளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு விலை குறைவு, ஈரம் பட்டால் ஊதிவிடும். தரையைத் தொடும் இடத்தில் அதை வைக்கவே கூடாது.

தோப்பில் வெட்டிய மாமரத்தை அறுத்து அலமாரி செய்துவிடலாமா என்று கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பலர் கேட்கிறார்கள். மாமரம் சீக்கிரம் உளுத்துப்போகும் மரம். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் பதப்படுத்தி, முறையாக உலர்த்தினால் மட்டுமே அலமாரிக்கு ஆகும். அப்படிச் செய்து தர ஆள் இல்லாவிட்டால் வேண்டாம். மரம் துளைக்கும் பூச்சி விழுந்த பலகையிலிருந்து மாவு போலத் தூள் உதிர்ந்து துணியெல்லாம் படியும்.

கரையான் இங்கே உண்மையான எதிரி. அஸ்திவாரத்தில் மண் நிரப்பும்போதே கரையான் மருந்து அடிப்பதற்கு ஐ.எஸ். 6313 என்ற தரநிலை இருக்கிறது. கட்டுகிற மேஸ்திரியிடம் அதைக் கேட்டுச் செய்யுங்கள். அலமாரியை நேராகத் தரையில் உட்காரவைக்காதீர்கள். 3 அங்குல உயரத்துக்குச் செங்கல் பீடம் கட்டி, மேலே கிரானைட் பலகை பதியுங்கள். கிருஷ்ணகிரி, பர்கூர் வட்டாரம் கிரானைட்டுக்குப் பெயர்போனது. பாலிஷ் பட்டறைகளில் மிஞ்சும் துண்டுகள் இதற்கு மிகப் பொருத்தம். வீடு துடைக்கும் தண்ணீரும் மரத்தைத் தொடாது.

தட்டு 18 மில்லிமீட்டர் பலகையாக இருந்தாலும் 3 அடிக்கு மேல் தாங்கல் இல்லாமல் நீட்டினால் நடுவில் தொய்யும். கம்பிக்கும் அதே கணக்கு. கதவுக்குள் இழுப்பறை வைக்கும்போது கீல் பக்கம் 2 அங்குலம் விடாவிட்டால், இழுப்பறை கதவில் இடித்துப் பாதியில் நிற்கும். இதை ஆசாரியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: கோலமாவால் வரைந்து பாருங்கள்

ஆசாரி பலகை வாங்கும் முன், தரையில் கோலமாவால் அலமாரிகளை உண்மை அளவில் வரையுங்கள். மாட்டும் பகுதி 2 அடி, தட்டுப் பகுதி 15 அங்குலம், கூடை, பீரோ, கதவு சுழலும் வட்டம், எல்லாவற்றையும். பிறகு வீட்டார் எல்லோரும் உள்ளே போய் நில்லுங்கள். துவைத்த துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருவர் நடக்கட்டும், இன்னொருவர் குனிந்து இழுப்பறை இழுப்பது போலச் செய்யட்டும். கம்பி வரும் உயரத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, வீட்டில் உயரம் குறைந்தவரைக் கை நீட்டச் சொல்லுங்கள். இடிக்கும் இடம், எட்டாத இடம் எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். மாவைத் துடைத்துவிட்டு மறுபடி வரையச் செலவில்லை.

கூலியைச் சதுர அடிக் கணக்கில் பேசுவார்கள். அது அலமாரியின் முன்முகத்தின் அளவு: 7 அடி அகலம், 7 அடி உயரம் என்றால் 49 சதுர அடி. இழுப்பறை, சேனல், கம்பி, கண்ணாடி, லாஃப்ட் கதவு ஆகியவை அந்த விலைக்குள் வருமா, தனியா என்று முதலிலேயே கேட்டு, பலகையின் தரத்தோடு சேர்த்து ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பணத்தைப் பலகை இறங்கியதும் ஒரு பகுதி, சட்டம் நின்றதும் ஒரு பகுதி, கதவு பொருத்தியபின் மீதி என்று பிரித்துக் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் உடனே துணியை அடுக்க வேண்டாம். புது பிளைவுட்டின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைட் வெளிவரும். கண் எரியும், துணியிலும் வாடை ஏறும். கதவுகளையும் இழுப்பறைகளையும் திறந்துவைத்து இரண்டு வாரமாவது காற்றாட விடுங்கள். முதலில் அன்றாடத் துணியை வையுங்கள். பட்டு கடைசியில் வரட்டும். முதல் ஐப்பசி மழை முடிந்ததும் பாத்ரூம் பக்கத்துத் தட்டைக் காலி செய்து, பின்பலகையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.